பழைய மெயிலை மீட்கும்போது புது மெயில் போகாமல் இருக்க: ரீஸ்டோர் கட்டளை ஆப்ஷன்கள், ஓர் எளிய அறிமுகம்

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் வந்து நான்கைந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார். "தம்பி, போன வருஷத்து இன்வாய்ஸ் எல்லாம் ஒரு ஃபோல்டர்ல வச்சிருந்தேன், அதைக் காணோம். ஃபோன்ல ஏதோ தட்டிட்டேன் போல. நாளைக்கு ஆடிட்டர் வர்றார்ப்பா" என்றார். பேக்கப்தான் தினமும் ராத்திரி ஓடுகிறதே, கவலைப்படாதீர்கள் அக்கா என்று சொல்லிவிட்டு டெர்மினலைத் திறந்தேன். பேக்கப் எடுக்க எந்தக் கட்டளை ஓடுகிறதோ அதையே எடுத்து, அக்காவின் மெயில்பாக்ஸ் பெயரைப் போட்டு, என்டர் தட்டினேன். திசையை மாற்றும் ஒரே ஓர் எழுத்தைச் சேர்க்க விட்டுவிட்டேன்.

சில விநாடிகளில் கட்டளை முடிந்தது. பிழை என்று எதுவும் சொல்லவில்லை. அக்காவின் மெயில்பாக்ஸில் ஃபோல்டர் வரவில்லையே என்று பேக்கப்புக்குள் போய்ப் பார்த்தால், அங்கேயும் அந்த ஃபோல்டர் இல்லை. இன்வாய்ஸ் ஃபோல்டர் இல்லாத இன்றைய மெயில்பாக்ஸை அந்தக் கட்டளை பேக்கப்பின் மேல் அச்சு அசலாகப் படியெடுத்துவிட்டது. பேக்கப்பில் மட்டும் மிச்சமிருந்த மெயில்களை நானே துடைத்துவிட்டேன். வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து அலமாரியில் பூட்டி வைக்கும் பிரதி ஒன்று இருந்ததால் அன்று தப்பித்தோம். அந்த நாளை நினைத்தால் இப்போதும் கை சில்லிட்டுப் போகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் யாருக்கும் அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2011 பிப்ரவரி கடைசியில், மென்பொருள் புதுப்பிப்பில் இருந்த ஒரு பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் மெயில் காணாமல் போனது. கூகுள் ஒவ்வொரு மெயிலையும் பல தரவு மையங்களில் பிரதி வைத்திருந்தது. ஆனால் பிழை அந்தப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. கடைசியில் சர்வர்களோடு தொடர்பில்லாமல் தனியே இருந்த டேப்பிலிருந்துதான் மெயில்களைத் திரும்ப எடுத்தார்கள். உடனுக்குடன் ஒத்திசையும் பிரதி, நல்லதோடு சேர்த்துக் கெட்டதையும் ஒத்திசைத்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரீஸ்டோர் கட்டளை எதுவாக இருந்தாலும் அதன் ஆப்ஷன்களில் பெரும்பாலானவை மூன்று விஷயங்களைத்தான் கேட்கின்றன. யாருடைய மெயில்? எந்த நேரத்து மெயில்? எடுத்தது எங்கே போய் விழ வேண்டும்? முதல் இரண்டையும் எல்லோரும் கவனமாகப் போடுவார்கள், ஏனென்றால் தேடுவதே அதைத்தான். மூன்றாவதைத்தான் விட்டுவிடுவோம். விட்டால் என்ன ஆகும் என்பது கட்டளைக்குக் கட்டளை மாறும். சில கட்டளைகள் கேட்காமலே உயிரோடு இருக்கும் மெயில்பாக்ஸின் மேல் கொண்டுபோய்க் கொட்டிவிடும்.

ஆப்ஷன் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. கட்டளையின் பெயருக்குப் பின்னால், ஒரு கோடு போட்டு ஓர் எழுத்தோ, இரண்டு கோடு போட்டு ஒரு முழுச் சொல்லோ எழுதுகிறோமே, அதுதான் ஆப்ஷன். ஒற்றை எழுத்து யூனிக்ஸின் ஆரம்ப நாளிலிருந்து வரும் பழக்கம். இரட்டைக் கோடும் முழுச் சொல்லும் குனூ கருவிகளோடு பரவியது. சில ஆப்ஷன்களுக்குப் பின்னால் ஒரு மதிப்பும் வேண்டும்: பயனர் பெயர், தேதி, ஃபோல்டர் பாதை இப்படி. நான் இங்கே கட்டளைகளைத் தமிழில் உச்சரிப்பு வழியே எழுதுகிறேன்; திரையில் தட்டும்போது அவை ஆங்கில எழுத்துகள். சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்பதையும் சொல்லிக்கொண்டே போகிறேன், ஏனென்றால் அது உயிர்நாடியான விஷயம். பல ஃபைல்களை ஒரே பொதியாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் 'டார்' கட்டளையில் பெரிய 'சி' என்றால் "இந்த ஃபோல்டருக்குப் போய் வேலையைச் செய்". சின்ன 'சி' என்றால் "புதிதாக ஒரு பொதியை உருவாக்கு". பேக்கப் பொதியைப் பிரிக்கப்போன இடத்தில் கை தவறிச் சின்ன 'சி' போட்டு, கூடவே பொதியின் பெயரையும் ஒரு ஃபோல்டரையும் கொடுத்தால், பழைய பொதி இருந்த இடத்தில் புதுப் பொதி உட்கார்ந்துவிடும். பழையது போயே போச்சு.

ஒரே எழுத்து இரண்டு கட்டளைகளில் ஒரே பொருள் தரும் என்றும் நம்பக்கூடாது. ஃபோல்டர்களைப் படியெடுக்கும் 'ஆர்சிங்க்' கட்டளையில் சின்ன 'என்' போட்டால் ஒத்திகை: என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், ஆனால் எதையும் செய்யாது. அதே சின்ன 'என்', டவ்காட் என்னும் மெயில் சர்வர் மென்பொருளின் 'டவ்ஆட்ம் பேக்கப்' கட்டளையில் ஒரு நேம்ஸ்பேஸின், அதாவது ஃபோல்டர் தொகுப்பு ஒன்றின், பெயரைக் கேட்கும் ஆப்ஷன். அங்கே ஒத்திகை என்று நினைத்து அதைப் போடுபவர் ஏமாந்துவிடுவார். தெரியாத கட்டளையைத் தொடுவதற்கு முன் அதன் கையேடான 'மேன்' பக்கத்தைத் திறந்து, நீங்கள் போடப்போகும் ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துப் படியுங்கள். உங்கள் சர்வரிலேயே இருக்கும் பக்கத்தைப் படியுங்கள், ஏனென்றால் ஆப்ஷன்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

இனி மெயில் எந்த உருவத்தில் டிஸ்கில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இது புரியாமல் ஆப்ஷன் எதுவும் புரியாது. லினக்ஸ் சர்வர்களில் அதிகம் பார்ப்பது 'மெயில்டிர்' முறை. கியூமெயில் மென்பொருளுக்காக டேனியல் பெர்ன்ஸ்டைன் கொண்டுவந்தது. ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'டெம்ப்', 'நியூ', 'கர்' என்று மூன்று உள் ஃபோல்டர்கள். வந்துகொண்டிருக்கும் மெயில் டெம்ப்பில் எழுதப்படும், முழுதாக எழுதி முடிந்ததும் நியூவுக்குப் போகும், மெயில் மென்பொருள் அதைக் கண்டதும் கர்ருக்கு நகரும்.

ஒரு ஃபைல் பெயரைக் கிட்டத்தில் பாருங்கள்:

1709870400.எம்20046பி2137.மெயில்:2,எஸ்

முதலில் உள்ள நீண்ட எண், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள். இந்த எண், நம் நேரப்படி 2024 மார்ச் 8 காலை 9.30 மணி. அதாவது மெயில் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். நடுவில் இருப்பது பெயர் இரண்டு மெயிலுக்கு ஒன்றாகிவிடாமல் இருக்கச் சேர்க்கும் எண்களும் சர்வரின் பெயரும். கடைசியில் முக்காற்புள்ளி, 2, காற்புள்ளி, அப்புறம் எழுத்துகள். 'எஸ்' இருந்தால் படித்தாகிவிட்டது. பதில் போட்டால் 'ஆர்' சேரும். நட்சத்திரம் போட்டால் 'எஃப்'. அழிக்கக் குறித்தால் 'டி'.

மெயிலின் நிலை மாறினால் ஃபைலின் பெயரே மாறுகிறது, கவனித்தீர்களா? நேற்று ராத்திரி பேக்கப் எடுத்தபோது படிக்காத மெயில், இன்று காலையில் அக்கா படித்துவிட்டார், 'எஸ்' சேர்ந்துவிட்டது. பேக்கப்பில் ஒரு பெயர், சர்வரில் இன்னொரு பெயர். 'ஆர்சிங்க்' கட்டளைக்கு மெயில் என்றெல்லாம் ஒன்றும் தெரியாது, அது ஃபைல் பெயரைத்தான் ஒப்பிடும். பேக்கப்பை நேராக மெயில்பாக்ஸின் மேல் ஆர்சிங்க் செய்தால், பெயர் வேறாக இருப்பதால் இரண்டு ஃபைலையும் வைத்துக்கொள்ளும். அக்காவின் இன்பாக்ஸில் ஒரே மெயில் இரண்டு முறை நிற்கும். '--இக்னோர்-எக்ஸிஸ்டிங்' என்று, ஏற்கெனவே இருப்பதைத் தொடாதே என்னும் ஆப்ஷன் இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று தோன்றும். பெயர் வேறு என்பதால் அதுவும் உதவாது. '--டிலீட்' போட்டால் இரட்டைப் பிரச்சினை தீரும், ஆனால் பேக்கப்புக்குப் பின் வந்த புது மெயில் அத்தனையும் "மூலத்தில் இல்லாதது" என்ற கணக்கில் அழிந்துவிடும்.

ஆகவே ஆர்சிங்க்கையும் டாரையும் நான் ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்துகிறேன்: பேக்கப்பை ஒரு தனி ஃபோல்டருக்குக் கொண்டுவருவதற்கு. உயிரோடு இருக்கும் மெயில்பாக்ஸுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது. பேக்கப் டார் பொதியாக இருந்தால் முதலில் சின்ன 'டி' போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலைப் பார்க்கலாம், எதையும் பிரிக்காது. பாதைகள் எப்படித் தொடங்குகின்றன என்று அந்தப் பட்டியலிலேயே தெரியும். பிறகு சின்ன 'எக்ஸ்' போட்டுப் பிரிக்கும்போது, பெரிய 'சி' போட்டுத் தற்காலிக ஃபோல்டரைக் கொடுங்கள். பேக்கப் சாதாரண ஃபோல்டராக இருந்தால் இப்படி:

ஆர்சிங்க் -ஏ -என் -ஐ /பேக்கப்/அக்கவுண்ட்ஸ்/ /மீட்பு/அக்கவுண்ட்ஸ்/

மூன்றுமே சின்ன எழுத்துகள். 'ஏ' என்பது உள் ஃபோல்டர்கள், நேரம், உரிமை, அனுமதி எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவரச் சொல்லும் கூட்டு ஆப்ஷன். 'என்' ஒத்திகை. 'ஐ' ஒவ்வொரு ஃபைலுக்கும் என்ன மாற்றம் என்று வரிவரியாகக் காட்டும். பட்டியல் சரியென்று பட்டதும் 'என்'ஐ மட்டும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். மூலப் பாதையின் கடைசியில் உள்ள சாய்கோட்டையும் பாருங்கள். அது இருந்தால் "ஃபோல்டருக்குள் இருப்பதைக் கொண்டு போ". இல்லாவிட்டால் "ஃபோல்டரையே தூக்கிக் கொண்டு போ". விட்டுவிட்டால் அக்கவுண்ட்ஸுக்குள் இன்னோர் அக்கவுண்ட்ஸ் உருவாகும், அடுத்த கட்டளை ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லும், நீங்கள் பேக்கப்பே காலி என்று பயந்துபோவீர்கள்.

அடுத்து டவ்காட். பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிராய்னன் எழுதி 2002இல் வெளிவந்த ஐமேப் சர்வர் இது, அதாவது சேமித்த மெயிலைப் பயனரின் ஃபோனுக்கும் கணினிக்கும் எடுத்துக் கொடுப்பது; லினக்ஸில் சொந்தமாக மெயில் சர்வர் நடத்துபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்திருப்பார்கள். இதன் நிர்வாகக் கட்டளை 'டவ்ஆட்ம்'. அதற்குள் ரீஸ்டோருக்குக் கைகொடுக்கும் மூன்று துணைக் கட்டளைகள் இருக்கின்றன: பேக்கப், சிங்க், இம்போர்ட். பெயர்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும் குணம் வேறு வேறு.

'டவ்ஆட்ம் பேக்கப்' ஒருவழிப் பாதை. போய்ச் சேரும் இடத்தில் என்ன இருந்தாலும் கவலைப்படாது; மூலத்தில் இல்லாததை அங்கே அழித்து, மூலம்போலவே ஆக்கிவிடும். சாதாரணமாக ஓட்டினால் மூலம் என்பது பயனரின் இன்றைய மெயில்பாக்ஸ், சேருமிடம் நீங்கள் கட்டளையின் கடைசியில் கொடுக்கும் பாதை. பெரிய 'ஆர்' போட்டால் திசை திரும்பும். நான் அன்று விட்ட எழுத்து இதுதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அன்று அந்தப் பெரிய 'ஆர்' போட்டிருந்தாலும் நான் செய்தது சரியாகியிருக்காது. பேக்கப் எடுத்தது முந்தின ராத்திரி. காலையிலிருந்து அக்காவுக்கு வந்த மெயில் எல்லாம் பேக்கப்பில் கிடையாது. திசையைச் சரியாகப் போட்டிருந்தால் பழைய இன்வாய்ஸ்கள் வந்திருக்கும், காலையில் வந்த மெயில்கள் போயிருக்கும். அந்தக் கட்டளைக்கு ஒத்திகை ஆப்ஷனும் இல்லை. சர்வரே எரிந்துபோய், காலியான புது சர்வரில் எல்லாவற்றையும் கொண்டுவந்து நிரப்பும்போது பெரிய 'ஆர்' போட்ட பேக்கப் பொருத்தமானது. காணாமல் போன ஒரு ஃபோல்டருக்கு அது வேண்டாம்.

'டவ்ஆட்ம் சிங்க்' இருவழி. இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கமும் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது மெயில்களோடு சேர்த்து அழிப்புகளையும் ஒத்திசைக்கப் பார்க்கும். ஒருவர் அழித்த மெயிலை மீட்பதற்கு, அழிப்பையும் மதிக்கும் கட்டளையை நாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு சர்வர்களுக்கு இடையே இடம் மாறும்போது அது அருமையான கருவி, அங்கேயே இருக்கட்டும்.

காணாமல் போன மெயிலுக்கு வேண்டியது 'டவ்ஆட்ம் இம்போர்ட்'. இது எதையும் அழிக்காது. ஒரு மெயில் சேமிப்பிலிருந்து நீங்கள் கேட்ட மெயில்களை மட்டும் எடுத்து, பயனரின் மெயில்பாக்ஸுக்குள் நீங்கள் சொல்லும் ஃபோல்டரின் கீழ் படியெடுத்து வைக்கும். இப்படி இருக்கும்:

டவ்ஆட்ம் இம்போர்ட் -யு அக்கவுண்ட்ஸ் மெயில்டிர்:/மீட்பு/அக்கவுண்ட்ஸ் மீட்டவை மெயில்பாக்ஸ் இன்வாய்ஸ் ஆல்

இதைத் துண்டு துண்டாகப் படிப்போம். சின்ன 'யு'வும் அதன் பின்னால் உள்ள பெயரும் யாருடைய மெயில்பாக்ஸ் என்று சொல்கின்றன. அந்த இடத்தில் பெரிய 'ஏ' போட்டால் சர்வரில் உள்ள எல்லோரும் என்று பொருள். பதற்றத்தில் இருக்கும்போது அந்த எழுத்தின் பக்கமே போகாதீர்கள். அடுத்தது மூலம்: எந்த முறையில் சேமித்தது, எந்தப் பாதை என்று முக்காற்புள்ளி நடுவில் வைத்து எழுதுகிறோம். கவனியுங்கள், பாதை பேக்கப் டிஸ்கைக் காட்டவில்லை. ஆர்சிங்க் செய்து கொண்டுவந்த தற்காலிகப் பிரதியைக் காட்டுகிறது. டவ்காட் தான் திறக்கும் மெயில் சேமிப்பில் இண்டெக்ஸ் ஃபைல்களை எழுதும், மெயிலை நியூவிலிருந்து கர்ருக்கும் நகர்த்தும். பேக்கப்பின் மேல் அதை எழுதவிடக்கூடாது. அதற்கடுத்த சொல் 'மீட்டவை', வந்து விழப்போகும் தாய் ஃபோல்டர். இங்கே வெறும் இரட்டை மேற்கோள் போட்டுக் காலியாக விட்டால், மெயில்கள் அதே பெயருள்ள ஃபோல்டர்களிலேயே போய்ச் சேரும். ஏற்கெனவே இருக்கும் மெயில்கள் இரட்டிக்கும். பெயர் கொடுத்தால் எல்லாம் தனியே ஒரு மூலையில் நிற்கும். மிச்சமெல்லாம் தேடல்: இன்வாய்ஸ் ஃபோல்டரில் உள்ள எல்லாமும். 'ஆல்' என்பதற்குப் பதில் 'சின்ஸ் 2024-03-01' என்று போட்டால் அந்தத் தேதி முதல். அனுப்பியவர் பெயர், தலைப்பு இவற்றைக் கொண்டும் தேடலாம். கூடவே சின்ன 'எஸ்' ஆப்ஷனைப் போட்டால் புது ஃபோல்டருக்கு சப்ஸ்கிரைப் செய்துவிடும். இல்லாவிட்டால் மீட்ட ஃபோல்டர் சர்வரில் இருக்கும், ஆனால் சப்ஸ்கிரைப் செய்த ஃபோல்டர்களை மட்டும் காட்டும் மென்பொருளில் அக்காவின் கண்ணுக்குத் தெரியாது.

"எந்த நேரத்து மெயில்" என்ற கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதை ஜிம்ப்ரா என்னும் இன்னொரு மெயில் சர்வர் மென்பொருளின் ரீஸ்டோர்தான் எனக்குப் புரியவைத்தது. ஜிம்ப்ராவின் கட்டணப் பதிப்பில் 'இசட்எம்ரீஸ்டோர்' என்று ஒரு கட்டளை வருகிறது. ஒரு மெயில்பாக்ஸை மீட்கச் சொன்னால் அது செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? இப்போது இருக்கும் மெயில்பாக்ஸை அழிப்பது. பிறகு கடைசி முழு பேக்கப்பைக் கொண்டுவரும். அதன்மேல் அன்றாட பேக்கப்புகளை வரிசையாக ஏற்றும். அதற்கப்புறம் 'ரீடூ லாக்' என்னும் நிகழ்வுப் பதிவேட்டை எடுத்து, அதில் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்யும்: இந்த மெயில் வந்தது, இதைப் படித்தார், இதை நகர்த்தினார், இதை அழித்தார். அப்படியே இந்த நிமிடம் வரை வந்து நிற்கும்.

இப்போது ஒரு கணக்கு போடுங்கள். ஜிம்ப்ராவில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால், முழு பேக்கப் சனிக்கிழமை அதிகாலை 1 மணிக்கு, மற்ற நாள்களில் அதே நேரத்துக்கு அன்றாட பேக்கப். 2024 மார்ச் 11, திங்கட்கிழமை காலை 11 மணிக்கு ஒருவர் ஒரு ஃபோல்டரை அழித்து ட்ராஷையும் காலி செய்துவிட்டார். 12 மணிக்கு நீங்கள் மீட்கிறீர்கள். ஆப்ஷன் எதுவும் போடாமல் கணக்குப் பெயரை மட்டும் கொடுத்தீர்கள். சனிக்கிழமை பேக்கப் வந்தது, ஃபோல்டர் இருக்கிறது. ஞாயிறு, திங்கள் பேக்கப்புகள் ஏறின, இன்னும் இருக்கிறது. பதிவேடு ஓடத் தொடங்கியது: ஒன்பது மணி, பத்து மணி, பதினொன்று, "ஃபோல்டர் அழிக்கப்பட்டது". அந்த அழிப்பையும் பதிவேட்டில் இருப்பதுபோலவே செய்து முடித்து, ஃபோல்டர் இல்லாத மெயில்பாக்ஸை உங்கள் கையில் கொடுக்கும். கட்டளை வெற்றி. ஃபோல்டர் இல்லை. பேக்கப்பே வேலை செய்யவில்லை என்று பலர் தலையில் கை வைப்பது இந்த இடத்தில்தான்.

அதனால் எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்று சொல்ல '-ரீஸ்டோர்டுடைம்' ஆப்ஷன் இருக்கிறது. நீளமான சொல்லாக இருந்தாலும் இங்கே ஒற்றைக் கோடுதான். தேதியையும் நேரத்தையும் இரட்டை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும், நடுவில் இடைவெளி வருவதால். நம் கணக்கில் அழிப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால், 10.55 என்று கொடுக்கலாம். ஆனால் அதை மட்டும் போட்டால் 10.55க்கு அப்புறம் வந்த மெயில் எதுவும் மெயில்பாக்ஸில் இருக்காது. ஆகவே இன்னும் இரண்டு: '-சிஏ' என்றால் புதிதாக ஒரு கணக்கை உருவாக்கி அதில் மீட்டுவை; '-பிஆர்இ' என்றால் அந்தப் புதுக் கணக்கின் பெயருக்கு முன்னால் ஒட்டவேண்டிய சொல். '-ஏ'க்குப் பின்னால் யாருடைய கணக்கு என்று கொடுக்கிறோம். எல்லாம் சேர்ந்தால்:

இசட்எம்ரீஸ்டோர் -ஏ அக்கவுண்ட்ஸ் முகவரி -சிஏ -பிஆர்இ மீட்பு_ -ரீஸ்டோர்டுடைம் "2024/03/11 10:55:00"

இப்போது அசல் மெயில்பாக்ஸில் ஒரு துரும்புகூட அசையாது. பக்கத்தில் 'மீட்பு_' என்று தொடங்கும் கணக்கு ஒன்று, 10.55 மணி நிலையில் முளைத்திருக்கும். அதிலிருந்து வேண்டிய ஃபோல்டரை எடுத்துக்கொடுத்துவிட்டுக் கணக்கை நீக்கிவிடலாம். முழு பேக்கப் மட்டும் போதும், பதிவேடெல்லாம் ஓட்ட வேண்டாம் என்றால் '-ஆர்எஃப்'. கடைசி முழு பேக்கப்புக்குப் பதிலாக அதற்கு முந்தினது வேண்டுமென்றால் '-எல்பி' போட்டு அந்த பேக்கப்பின் அடையாளப் பெயரைக் கொடுக்கலாம்.

நேரம் கொடுக்கும்போது எந்த ஊர் நேரம் என்பதையும் பாருங்கள். பல சர்வர்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 'டேட்' என்று ஒரு கட்டளை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கொடுத்த நேரம் தவறினால் அழிப்பு நடந்த நிமிடத்தைத் தாண்டிப் போய்விடுவோம்.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சிலும் இதே சிந்தனைதான். பேக்கப்பிலிருந்து வந்த தரவுத்தளத்தை 'ரெக்கவரி டேட்டாபேஸ்' என்று தனியே ஏற்றுவார்கள். அதிலிருந்து, மைக்ரோசாஃப்ட்டின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் 'நியூ-மெயில்பாக்ஸ்ரீஸ்டோர்ரிக்வெஸ்ட்' கட்டளையால் மெயிலை எடுப்பார்கள். அதில் '-டார்கெட்ரூட்ஃபோல்டர்' என்ற ஆப்ஷன், டவ்காட்டின் தாய் ஃபோல்டர் செய்யும் வேலையையே செய்கிறது.

கட்டளை ஓடுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை சில உண்டு. தனி ஃபோல்டருக்கு இம்போர்ட் செய்வதானால் சர்வரை நிறுத்தவே வேண்டாம். முழு மெயில்பாக்ஸையும் மாற்றி வைக்கிறீர்கள் என்றால் மட்டும் மெயில் உள்ளே வருவதை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வரும் மெயில் தொலைந்துபோகும் என்று பயப்பட வேண்டியதில்லை. அனுப்பும் சர்வர்கள் உடனே கைவிடுவதில்லை, திரும்பத் திரும்ப முயலும்; போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மெயில் அனுப்பும் மென்பொருளில் மாற்றாமல் விட்டால் ஐந்து நாள் வரை வரிசையில் வைத்திருக்கும். ஒரு மணி நேர நிறுத்தம் ஒன்றுமே இல்லை. அவசரத்தில் செய்து கெடுப்பதைவிட, நிதானமாக நிறுத்திவிட்டுச் செய்வது மேல்.

எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' பயனராக இருந்து பிரித்தெடுத்த ஃபைல்களின் உரிமையாளரைப் பாருங்கள். மெயில் ஃபைல்கள் பொதுவாக 'விமெயில்' போன்ற ஒரு தனிப் பயனரின் பெயரில் இருக்கும். மீட்டவை ரூட் பெயரில் நின்றால் டவ்காட்டால் திறக்க முடியாது. பயனருக்குக் காலி ஃபோல்டர்தான் தெரியும், லாகில் 'பெர்மிஷன் டினைட்' என்று வந்துகொண்டிருக்கும். 'சோன்' கட்டளையில் பெரிய 'ஆர்' போட்டு, உள்ளே இருப்பது முழுவதற்கும் உரிமையாளரை மாற்றிவிடுங்கள்.

முழு மெயில்பாக்ஸையும் ஃபைல்களாகக் கொண்டுவரும்போது 'டவ்காட்-யூஐடிலிஸ்ட்' என்ற ஃபைலும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் கொடுத்த வரிசை எண் அதில்தான் இருக்கிறது. ஃபோனும் அவுட்லுக்கும் தண்டர்பேர்டும் அந்த எண்ணை வைத்துத்தான் "இது ஏற்கெனவே இறக்கிய மெயில்" என்று அறிகின்றன. அது இல்லாவிட்டால் டவ்காட் புதிதாக எண் போடும். அலுவலகத்தில் உள்ள எல்லாக் கருவிகளும் தங்களிடம் இருப்பதைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லா மெயிலையும் முதலிலிருந்து இறக்கத் தொடங்கும். மெயில் தொலையாது, ஆனால் இணைய இணைப்பு அன்று முழுக்க மூச்சுத் திணறும்.

மீட்டபின் எண்ணிப் பாருங்கள். 'டவ்ஆட்ம் மெயில்பாக்ஸ் ஸ்டேட்டஸ்' கட்டளையில் சின்ன 'யு' போட்டுப் பயனரைக் கொடுத்து, 'மெசேஜஸ்' என்று கேட்டு, கடைசியில் எல்லா ஃபோல்டரும் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை மேற்கோளுக்குள் போட்டால், ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை மெயில் என்று சொல்லும். தற்காலிக ஃபோல்டரில் உள்ள ஃபைல்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எண் ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்று காரணம் தேடுங்கள். 'சரியாகத்தான் இருக்கும்' என்று பயனரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நான் தற்காலிகப் பிரதியை உடனே அழிப்பதில்லை. மெயிலுக்குச் சொந்தக்காரர் வந்து பார்க்க வேண்டும். அந்த அக்கா அன்று சாயங்காலம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அலமாரி டிஸ்கிலிருந்து வந்த 'மீட்டவை' ஃபோல்டரைத் திறந்து, ஏப்ரலிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு மாதமாக ஓட்டிப் பார்த்தார். ஜூலையில் ஒரு வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் இல்லையே என்றார். தேடினோம், அது அவருடைய இன்பாக்ஸிலேயே கிடந்தது. "எல்லாம் இருக்கு தம்பி" என்று அவர் எழுந்த பிறகுதான் தற்காலிக ஃபோல்டரை அழித்தேன்.